கம்ப்யூட்டர் அம்மா போட்ட அளவு

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தால் பாதி டம்ளர்தான் குடிப்பார். நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டால், வாய் வைப்பதற்கு முன்பே எழுந்துபோய்ப் பாதியைக் குடத்தில் திரும்ப ஊற்றிவிட்டு வருவார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஊற்றிக் கொடுத்தவருக்கு முகம் தொங்கிப்போகும். எனக்குப் பல தடவை தொங்கியிருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நான் மேலாளராக இருந்தேன். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் சாயப் பட்டறை. இரண்டுக்கும் நடுவே ஒரு மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு முன்னால் அந்த அம்மா. வருகைப் பதிவேட்டில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. வாட்ச்மேனிலிருந்து சங்கத் தலைவர்வரை யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர் அம்மா, அவ்வளவுதான். ஏறக்குறைய என் வயது. தாமலிலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் மின்விசிறியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்பார். சித்திரை வெயிலிலும் இரண்டுதான். நான் போய் ஐந்தில் வைப்பேன். அவர் தன் காகிதங்களின் மேல் ஒரு நூல் கண்டை எடுத்து வைத்துக்கொள்வார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. இரண்டு இட்லி போதும் என்று தெரிந்தே நாலு வாங்குகிற ஆள். வீட்டுக்கு வந்தவர் போதும் என்றால், மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பேன். அதுதான் உபசாரம் என்று வளர்ந்தவன். அதனால் அந்த அம்மாவைப் பார்த்த முதல் வாரத்திலேயே கஞ்சப் பிசினாரி என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

சங்கத்து நெசவாளர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் அந்த அம்மா எனக்குப் பக்கத்து இலை. மாப்பிள்ளையின் அம்மாவே கேசரிக் கரண்டியோடு வந்துவிட்டார். இவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"போதும்மா."

"ஒரே ஒரு கரண்டிமா. எங்க திருப்திக்கு."

"உங்க திருப்திக்கு நான் எப்பிடிம்மா துன்றது?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா கரண்டியை என் இலையில் கவிழ்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் இரண்டு பேர் பங்கையும் தின்றுவிட்டு அன்று பூராவும் இஞ்சி மென்றுகொண்டிருந்தேன்.

அவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் பழையது. அதில் ஓடிய டேட்டாபேஸ் புரோகிராம் அதைவிடப் பழையது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எங்கள் பட்டறையில் போட்ட ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. எண்ணை அடித்தால் எந்தச் சாயத்தூள் எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு சூடு, நூல் எத்தனை நிமிஷம் கிடக்க வேண்டும் என்று எல்லாம் வரும். அந்த மிஷினில் மெமரி ரொம்பக் குறைச்சல். அதனால் காலையில் அதைக் கிளப்பும்போது எது எது உள்ளே ஏற வேண்டும், எது ஏறக் கூடாது, ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் திறக்கலாம் என்பதையெல்லாம் நாலைந்து வரியில் எழுதி ஒரு சின்ன ஃபைலாக வைத்திருந்தார். மிஷின் கண்ணைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிக்கும்.

ஒரு நாள் அவர் லீவு. எங்கள் எழுத்தர் ஒருவர் ஆசைப்பட்டு, மிஷின் கிளம்பும்போது காமாட்சியம்மன் படம் வருகிற மாதிரி எதையோ ஏற்றிவிட்டார். மறுநாள் அம்மன் வந்தாள், புரோகிராம் வரவில்லை. அந்த அம்மா வந்து முதல் வேலையாக அம்மனை எடுத்தார். எனக்குத் திக்கென்றது.

"சாமி படத்தப் போய் எடுக்கறீங்களேம்மா."

"சாமிய செவுத்துல மாட்டுங்க சார். இங்க இருக்கறதே கையளவு எடம். முன்னாடியே நாலு பேரு வந்து உக்காந்துக்கினா, வேல செய்யறவன் எங்க உக்காருவான்?"

புரோகிராம் உடனே வந்தது. எழுத்தர் மட்டும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்போது எங்களுக்கு இருந்த சாய மாஸ்டர் கெட்டிக்காரர். கண்ணாலேயே நிறம் பிடிப்பவர். ஒரு கை அள்ளிக் கொப்பரையில் போடுவார், கலக்கிப் பார்ப்பார், இன்னும் ஒரு சிட்டிகை போடுவார். இந்த அம்மா தராசும் நோட்டுமாகக் கொப்பரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்.

"எனக்குக் கண்ணுதாம்மா தராசு" என்பார் மாஸ்டர்.

"உங்க கண்ண அந்தப் பொட்டியில போட முடியாது மாஸ்டர். கிராமாச் சொல்லுங்க."

மாஸ்டர் என்னிடம் வந்து புலம்புவார். "இந்தம்மா நின்னாலே எனக்குக் கை நடுங்குது சார். ஏதோ நான் தூள களவாடற மாரி பாத்துக்கினே இருக்குது." நான் அவர் கட்சிதான். ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. நீராவியில் நின்று நின்று நோட்டெல்லாம் அலை அலையாகச் சுருண்டிருக்கும். சாயங்காலம் நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இப்படியே பல வருஷம்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லாத விஷயம். நிர்வாகக் குழு கூட்டத்தில் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று நான் பேசினேன். பெரிய திரை, நிறைய மெமரி, வெளியூர்க்காரர்கள் வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். தலைவர் அந்த அம்மாவைப் பார்த்து, "நீங்க இன்னாம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"இது ஓடிக்கினு இருக்குது சார். ஓடறத ஏன் மாத்தணும்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "உங்களுக்குக் கையும் சின்னது, மனசும் சின்னதும்மா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் பேசியதை விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.

ஐந்தாறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ராஜினாமாவில் இருந்தது. அது நிஜமாகவும் இருக்கலாம். எனக்கு மட்டும் அந்தக் கூட்டத்து வார்த்தைதான் காரணம் என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தலைத் தீர்க்க வழியனுப்பு விழாவுக்கு ஆள் உயர மாலை சொல்லி வைத்தேன். அதைக் கழுத்தில் வாங்கி, கழற்றி, அதிலிருந்து ஒரு முழம் மட்டும் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு மீதியை வாசலில் இருந்த பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் பழைய கம்ப்யூட்டர் மூன்று வருஷம் ஓடியது. யாரும் அதைத் தொடவில்லை. மாஸ்டருக்குக் கண் மங்கி அவரும் போய், புது மாஸ்டர் வந்தார். பிறகு ஒரு நாள் திரை மினுக் மினுக்கென்றது. நான் காத்திருந்ததுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த சர்வீஸ்காரரிடம் சொல்லி, இருப்பதில் பெரியதாக ஒன்று வாங்கினேன். பழையதில் இருந்த எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டதாக அவர் சொன்னார். பழைய மிஷினைக் காயலான்கடைக்குப் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். கையோடு கையாக, அலமாரியில் சுருண்டு கிடந்த அந்த அம்மாவின் நோட்டுகளையும் பழைய பேப்பரோடு தள்ளிவிட்டேன். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற தெம்பு.

அடுத்த வாரம் ஐப்பசி மழை. குடோன் கூரை ஒழுகி, சாயம் போட்டு வைத்திருந்த ஊடை நூல், அதாவது தறியில் குறுக்கே ஓட்டுகிற நூல், அத்தனையும் நனைந்து கறை பிடித்துவிட்டது. அதே நூலில் பதினோரு தறிகளில் புடவை பாதி நெய்து நின்றது. வெங்காயச் சருகு நிறம். ரோஜாவும் இல்லை, செம்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நழுவுகிற நிறம். திரும்பச் சாயம் போடும்போது இழை அளவு மாறினாலும் புடவையின் நடுவில் பட்டையாகத் தெரியும். பதினோரு புடவையும் கழிவு. பதினோரு வீட்டிலும் மூன்று மாத உழைப்பு வீண்.

சாய எண்ணை அடித்துப் பார்க்கலாம் என்று புது கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தோம். புரோகிராம் திறக்கவில்லை. மெமரி பத்தவில்லை என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். "பத்தலன்னா சேத்துட வேண்டியதுதான் சார்" என்றார். அது என் பாஷை. ஒரு ஜிபி இருந்ததை இரண்டாக்கினோம். அதே வரி. நாலாக்கினோம். அதே வரி. வேறு ஏதோ வழியில் ஃபைலைத் திறந்து பார்த்தார். எண்ணும் பெயரும் வந்தன, செய்முறை எழுதியிருந்த இடம் மட்டும் வெறுமையாக வந்தது. அதைப் புரோகிராம் வழியாகத்தான் பார்க்க முடியுமாம்.

புது மாஸ்டர் கண்ணை நம்பி மூன்று தடவை சாயம் போட்டார். மூன்று தடவையும் நூலைத் தறிக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினோம். மூன்று தடவையும் நெசவாளர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். ஒன்பது நாள் தறிகள் சும்மா நின்றன. நெசவாளர்கள் தெருவில் நடக்கவே எனக்குக் கூசியது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

பத்தாம் நாள் காலை தாமல் பஸ் ஏறினேன். ஏரிக்கரைத் தெருவில் விசாரித்துக்கொண்டு போனபோது அந்த அம்மா வாசலில் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கு மீட்டிங்ல நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதும்மா. எல்லார் எதிர்லயும். தப்பு என்னுதுதான்."

"ஆமா சார்" என்றார். முறத்தை இன்னொரு தடவை புடைத்தார். "ரெண்டு நாளு தூக்கம் வரல. அப்பறம் வந்துச்சு. இன்னா விஷயமா வந்தீங்க?"

சொன்னேன். பதினோரு தறி, மழை, காயலான்கடை, பழைய பேப்பர், ஒன்றையும் மறைக்கவில்லை. நோட்டைப் போட்டுவிட்டதைச் சொன்னபோது மட்டும் அவர் கை நின்றது.

"இன்னா மெசேஜ் வருது?"

"மெமரி பத்தலன்னு வருதும்மா."

"எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு போட்டோம். இப்ப நாலு."

அந்த அம்மா சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பத்தாம இல்ல சார். ஜாஸ்தியாப் போச்சு. அந்த புரோகிராம் எழுதன காலத்துல இவ்ளோ பெரிய கணக்கே கெடையாது. எவ்ளோ இருக்குதுன்னு எண்ணிப் பாக்கும். எண்ணிக்க அதுக்குத் தெரிஞ்ச கோட்டத் தாண்டிடுச்சின்னா, ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிக்கும். நீங்க கொட்டக் கொட்ட அது இல்ல இல்லன்னு தான் சொல்லும்."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தார். சர்வீஸ்காரரும் இருந்தார். அந்தச் சின்னக் கிளப்பும் ஃபைலைக் காணோம். நாலு வரிதானே, குப்பை என்று நினைத்து விட்டுவிட்டேன் என்று சர்வீஸ்காரர் ஒப்புக்கொண்டார். அந்த அம்மா புதிதாக ஒரு ஃபைல் திறந்து தானே எழுதினார். முதல் வரியில், மிஷினில் எவ்வளவு இருந்தாலும் இவ்வளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதே என்று புரோகிராமுக்கு ஒரு வரம்பு. பதினாறு மெகாபைட். நாலு ஜிபி வாங்கிப் போட்டவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம், கிளம்பும்போதே இந்த ஃபைலைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று புரோகிராமின் பெயருக்குப் பின்னால் ஒரு குறிப்பு சேர்த்தார்.

கறுப்புத் திரை வந்தது. எனக்கு மூச்சு வந்தது. உடனே இன்னொரு வரி எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மூச்சு போனது.

"ஒண்ணுமில்ல சார். ஃபைலு நெறைய தெறக்கணும்ன்னுது. அதுக்கு ஒரு வரி எழுதணும்." நாற்பது என்று அடித்தார்.

"எதுக்கும் ஒரு இருநூறாப் போட்டுடுங்கம்மா. இருக்கட்டும்."

திரும்பி என்னைப் பார்த்தார். நாற்பதே இருந்தது. புரோகிராம் திறந்தது.

வெங்காயச் சருகின் எண்ணை அடித்தார். மூன்று தூள், மூன்றுக்கும் எடை, சூடு, நிமிஷம். புது மாஸ்டர் எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் நிறுத்தி, "இது இன்னாமா?" என்று கேட்டார். கீழே குறிப்பு என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'எடை முடிந்த பிறகு மாஸ்டர் கையால் சிவப்பு ஒரு சிட்டிகை போட்டார். வேண்டாம் என்றேன். போட்ட பிறகுதான் நிறம் வந்தது. அதே மாதிரி சிட்டிகை எடுக்கச் சொல்லி எடை பார்த்தேன். மூன்று கிராம்.'

புது மாஸ்டருக்கு மூன்று தடவையும் தவறியது அந்தச் சிவப்புதான். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். தன்னைத் தோற்கடித்த சிட்டிகையைத் தராசில் வைத்து எடை பார்த்து, தன் கையாலேயே ஏற்றி வைத்திருக்கிறார்.

"இத நீங்களே எழுதி வெச்சீங்களாம்மா?"

"போட்டாரு, எழுதனேன். போட்டத போடலன்னு எப்பிடி சார் எழுதறது?"

இவரைப் போய் கஞ்சம் என்றேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் எதையும் குறைத்ததே இல்லை. எது எவ்வளவோ அதை அவ்வளவாக வைத்திருந்தார். மாஸ்டர் கூடப் போட்டதைக் கூடப் போட்டதாகவே வைத்திருந்தார். எனக்குத்தான் நிறையக் கொடுப்பதைத் தவிர வேறு நல்ல குணம் தெரியவில்லை.

சாயம் போட்டு, அலசி, நிழலில் உலர்த்தி எடுக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. அந்த அம்மா ஊருக்குக் கிளம்பாமல் இருந்தார். முதல் நூல் கழியை நானே எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் முதல் தறிக்காரர் வீட்டுக்கு நடந்தேன். அந்த அம்மாவும் பின்னால் வந்தார். தறிக்காரரின் மனைவி நூலைச் சுற்றிக் கொடுக்க, தறிக்காரர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நாலு விரல் அகலம் நெய்தார். பிறகு மேலே ஏறி, கதவை முழுக்கத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். குனிந்து பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், இங்க வாங்க. புது நூலு எதுலேந்து, சொல்லுங்க பாக்கலாம்."

பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன்.

"தெரியலியேப்பா."

"நெய்த எனக்கே தெரியல சார்" என்றார் அவர். "சரியா இருக்குது."

அவ்வளவுதான். அப்படியே தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, பொம்பளைகள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். பத்து நாளாக உள்ளே பிடித்து வைத்திருந்தது. தறிக்காரர் என் முதுகில் தட்டினார், அவர் மனைவி தண்ணீர் கொண்டுவரப் போனார். அந்த அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, நான் அழுது முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்:

"போதும் சார், எழுந்திருங்க. இன்னும் பத்து தறி உக்காந்துக்கினு இருக்குது."

எழுந்து ஓடினேன்.